சில்லென்ற கை

ஏங்க, சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவின் காய்ச்சல் மருந்து ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அவளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுப் போகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகள் வார்டுக்கு இன்சார்ஜாக இன்று எனக்கு முதல் நாள், நிற்க நேரமில்லை.

நேற்று சாயங்காலம், "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு நினைச்சுட்டியா?" என்று குத்தினீர்களே, அதை நான் மறக்கவில்லை. கூடவே, "மத்தியானம் வந்து அவளைத் தூங்க வச்சுட்டுப் போனியே, அது மாதிரி தினமும் வந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?" என்றீர்கள். அதையும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது தலை வாரிவிடும்போது பாப்பா கேட்கிறாள்: "நேத்து ஏம்மா உன் கை அவ்வளவு சில்லுனு இருந்துச்சு?"

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, கையைத் தேய்த்துச் சூடாக்காமல் நான் எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை. நேற்று மத்தியானம் நான் வார்டை விட்டு நகரவே இல்லை.

இனிமேல் நானே வந்து மணி அடித்தாலும், ஜன்னல் வழியாகக் கையை நீட்டச் சொல்லித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மட்டும் கதவைத் திறங்கள்.

பி.கு.: வேண்டாம், சூடாக இருந்தாலும் திறக்காதீர்கள். நான் சாவி போட்டே வருகிறேன். செருப்பு மாட்டும்போது பாப்பா சொல்கிறாள்: "நேத்தே சொன்னேனேம்மா, அடுத்த தடவை கையைத் தேய்ச்சுட்டு வான்னு. நீதான் சரின்னு தலையாட்டினே."