அம்மா குடிக்கும் ஹைட்ரஜன் தண்ணீர்

அன்பான அப்பாவுக்கு,

எழுதுவதற்கே மன்னித்துவிடுங்கள். நீங்கள் இருந்தபோது எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசாதவள், இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். உங்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அத்தைதான் வீட்டில் ஒரு தண்ணீர் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். உங்கள் தங்கை யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. அவரும் அதையேதான் குடிக்கிறார். பட்டனை அழுத்தினால் நீல விளக்கு எரியும், தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். "ஹைட்ரஜன் தண்ணி அண்ணி. கொழுப்புல இருக்கற நஞ்சையெல்லாம் எடுத்துப்புடும். அப்பறம் சுகரு எங்கிருந்து வரும்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க லேப்லயும் இதத்தான பாக்கறீங்க? நீயே சொல்லு கண்ணு."

இல்லை என்று சொல்ல முடியவில்லை அப்பா. சேலத்தில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் அதைத்தான் பார்க்கிறோம். தட்டில் வளர்க்கும் கொழுப்பு செல்களுக்குள், இரும்பில் துரு ஏறுவதுபோல ஒரு கேடு நடக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பார்கள். ஹைட்ரஜன் கரைந்த நீரில் வைத்த செல்களில் அது குறைந்தது. நானே பார்த்தேன். ஆனால் அது தட்டு. குடிக்கிற தண்ணீரிலிருந்து அம்மாவின் கொழுப்புவரை எவ்வளவு போய்ச் சேரும், சேர்ந்தாலும் சர்க்கரை இறங்குமா? எங்களுக்குத் தெரியாது.

அப்படியே சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி என்ன பண்ணிரும்னா கேக்கற? உங்கப்பாவுக்குப் பல்லு கறையானது எதுனால? இடுப்பு வளையாம கட்ட மாதிரி கெடந்தது எதுனால? போர்வெல் தண்ணிதான? கெடுக்கத் தெரிஞ்ச தண்ணிக்கு நல்லது பண்ணத் தெரியாதா?"

புளோரைடு தண்ணீரில் எலும்பு இறுகிப்போன உங்களைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டிவிட்டவள் அவள்.

தக்காளிக் காட்டில் அவள் காலில் குச்சி குத்தியிருக்கிறது. பாதத்தில் புண் ஆறவே இல்லை, ஓரம் கறுத்திருக்கிறது. "வலிக்கவே இல்ல பாப்பா" என்கிறாள். சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது, வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"தண்ணியக் குடிம்மா, நான் வேண்டாங்கல. மாத்திரையும் போட்டுக்க."

"ரெண்டையும் சேத்தா எது கேட்டுச்சுன்னு எப்படிடி தெரியும்? நீதான சொன்ன, ஒரு தட்டுல ஊத்துனா பக்கத்துத் தட்டுல ஊத்தாம வெச்சுப் பாப்போம்னு?"

"அது தட்டும்மா. கெட்டுப்போனா கொட்டிட்டு வேற வெச்சுக்குவோம்."

அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

அத்தைக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்னா அம்மா கேக்கும் அத்தை." "இப்ப நானே மாத்திரை போடுன்னா, இத்தன பேருகிட்டச் சொன்னதெல்லாம் பொய்யாயிரும்ல கண்ணு," என்று வைத்துவிட்டார்.

நாளைக் காலை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. குரலை உயர்த்தி அவளைக் கிளப்ப எனக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களுக்கு மெஷினைக் காட்ட அத்தை கூட்டம் வைத்திருக்கிறார். அங்கே எழுந்து பேசுவேன். தட்டில் கண்ட நல்லதை மறைக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்தாதீங்க என்று சொல்லாமல் உட்காரவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஆனால் அந்தக் கால் ஞாயிறுவரை காத்திருக்காது. அறிவியல் படித்துவிட்டு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் கனவில் வந்து சொன்னால் அம்மா மறுப்பதில்லை. கொய்யாப்பழம் கேட்டீர்கள் என்று மறுநாளே வாங்கிப் படைத்தாள். இன்றைக்கு வாருங்கள் அப்பா. தாகமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தத் தண்ணீரைத்தான் கொண்டுவந்து கொடுப்பாள். என்னோடு காலைப் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பாப்பா