கொள்ளிடத்தில் எடுத்த படங்கள்

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நம் காளியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதைச் சுகம் என்று வைத்துக்கொள். உன் தங்கை மதிவதனியும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழுகிறது. கடைவீதி மீரா உசேன் அண்ணன் மகன் விடுமுறை முடிந்து சார்ஜா திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டு உடனே போன் போட்டுவிடாதே, முழுதும் படி.

"ஆத்துக்குள்ள போயி போட்டோ எடுக்கலைன்னு யாரு அழுதா" என்று நீ அவளுக்கு அனுப்பியிருந்ததை நான் பார்த்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. செல்ஃபி மோகத்தால் இளம்பெண் பலி என்று பேப்பரில் வந்ததை யாரோ உனக்கு அனுப்பியிருப்பார்கள். நாங்களும் போனில் செவ்வந்தி தண்ணீரில் போய்விட்டாள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அது அப்படி நடக்கவில்லை தம்பி. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நாகம்மாள் மகள் செவ்வந்தியை நீ பாவாடை சட்டையில் பார்த்தது. மதியும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பார்த்திருந்தால் உனக்கு அடையாளம் தெரிந்திருக்காது, நல்ல உயரம், பளபளவென்று கறுப்பு. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். புடவையைத் தோளில் போட்டுக் காட்டச் சிவப்பான பெண்களை முன்னால் நிறுத்திவிட்டு, இவளைப் பின்கட்டில் மடிக்கப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், மதிக்குத்தான் ஆத்திரம் வரும். சென்னையில் கைத்தறிப் புடவை விற்கிற ஒரு அம்மாள், மதி எடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு, ஆடி மாதத்துக்கு ஆற்றை வைத்து ஒரு வரிசை படம் வேண்டும் என்று கேட்டார். தீம் என்று சொல்கிறார்களே, அதை யோசித்தது முழுக்க உன் தங்கைதான். கொள்ளிடத்தில் ஒரே இடம், ஒரே பெண். முதலில் காய்ந்த மணலில் மணல் நிறப் புடவையில் நிற்பாள், அப்புறம் புதுத்தண்ணீர் வந்ததும் அதே இடத்தில் மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம். படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஆறே அவள்மேல் ஏறிவருகிற மாதிரி இருக்குமாம். ராத்திரி பகலாக அதையே வரைந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாள் சென்னையிலிருந்து ஒரு மாடல் பெண்ணை அனுப்புகிறேன் என்று சொல்லியும், செவ்வந்தி நின்றால்தான் எடுப்பேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். நாகம்மாள் லேசில் சம்மதிக்கவில்லை. "மாப்ள பாத்துக்கிட்டிருக்கோம், படமெல்லாம் வெளிய வந்தா நாளைக்கி யாரு பதில் சொல்றது அக்கா" என்று என்னிடம்தான் கேட்டாள். நானும் கூட வருகிறேன் என்ற பிறகுதான் விட்டாள்.

முதல் நாள் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கும்பகோணத்து அஸார், மதியோடு காலேஜில் படித்த பிள்ளை, காரில் சாமான்களை எல்லாம் கொண்டுவந்தான். வெயில் முகத்தில் விழ ஒரு வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். செவ்வந்தி அந்த மணலில் நடந்தாள், உட்கார்ந்தாள், படுத்துக்கூடக் கிடந்தாள். படத்தைக் காட்டினபோது அவளுக்கே நம்ப முடியவில்லை, "இது நானா அத்தே" என்று என்னைக் கேட்டாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. மறுநாள் காலையிலேயே போனோம். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். மஞ்சளும் பச்சையும் நல்லபடியாக முடிந்தது. நீலம் கட்டி வந்தபோது, ஆறு இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மதி சொன்னாள். "பின்னாடி போ செவ்வந்தி, இன்னும் பின்னாடி, போன வாரம் நின்ன எடத்துக்கே போ" என்றாள். செவ்வந்தி சிரித்துக்கொண்டே, எங்களைப் பார்த்தபடியே பின்னால் போனாள். இடுப்பு நனையவில்லை தம்பி, முட்டி நனைந்ததோடு சரி. அடுத்த அடி எடுத்து வைத்தாள், ஆளைக் காணவில்லை. கத்தக்கூட இல்லை. விளையாடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அஸார் குதித்தான். அவனுக்கு நீச்சல் தெரியும், ஆனால் கரையைப் பிடித்தால் மணல் சரிந்து சரிந்து அவனையும் இழுத்தது. முந்தானையைப் பிடித்துவிட்டான், அது மட்டும் அவன் கையோடு வந்தது. மதியை இறங்கவிடாமல் நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்தாள், தழும்பு இருக்கிறது. தீயணைப்பு ஆட்கள் வந்து எடுத்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் படுத்துக் கிடந்த அதே இடத்தில், தண்ணீர் வருவதற்குள் மெஷின் வைத்து மணல் அள்ளியிருக்கிறார்கள். இரண்டு ஆள் ஆழம். மேலே தண்ணீர் ஓடினால் குழி யார் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஸ்டேஷனில் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. அஸார் பெயரைக் கேட்டதும் கேள்வியெல்லாம் வேறு பக்கம் போனது, அந்தப் பிள்ளையை ஈரத்துணியோடு சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் படம் எடுக்கும்போது கால் தவறி விழுந்ததாக எழுதி அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா போடவில்லை.

இனிமேல் சொல்வதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. அன்றைக்கு நடந்தது முழுக்க அஸாரின் போனில் வீடியோவாக இருந்தது, மதிக்கும் அதை அனுப்பியிருந்தான். படம் எடுப்பதையே இன்னொரு படமாக எடுத்துப் போடுவார்களாம், அதற்காக ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தான். முட்டளவுத் தண்ணீரில் நிற்கிறவள் ஒரே அடியில் மறைவது அதில் தெளிவாகத் தெரிகிறது. ஞாயிறு எடுத்த படத்தில் அதே இடம் சமதரையாக இருக்கிறது, பின்னால் அதே பனைமரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். ஆனால் அந்த வீடியோவில் உன் தங்கை குரலும் இருக்கிறது. பின்னாடி போ, இன்னும் பின்னாடி போ என்று. மணல் லாரிக்காரர்களின் ஆள் ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பொண்ணு வாழ வேண்டிய பொண்ணுங்க. அத வெளிய விட்டா கொலகாரின்னு ஊரே பேசும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதை அழித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மதி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் தலை குளித்து, என் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, எங்களைக் கேட்காமலே, இந்தச் சாவை விசாரிக்கப் போட்டிருந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள், நாகம்மாளையும் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பெண். வீடியோவைப் போடப் போகிறோம், நீங்கள் வெளியே இருக்கலாம் என்று நாகம்மாளிடம் தன்மையாகத்தான் சொன்னார். நாகம்மாள் போகவில்லை. மதி குரல் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் திரும்பப் போடச் சொல்லி நாகம்மாள் கேட்டாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். அப்புறம் எழுந்து நின்று, "எம்மவ படம் புடிக்கிற ஆசயில சாவலிங்க. கால் தவறியும் விழுவல. போன வாரம் நின்ன எடத்துலதான் வந்து நின்னா. அங்க தரை இல்ல. அத எழுதுங்க" என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். மதி அவள் காலைத் தொடப் போனாள். நாகம்மாள் காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மணல் குழியால் வந்த சாவு என்று வழக்கை மாற்றி எழுதியிருக்கிறார்கள், யார் பெயரும் இன்னும் அதில் இல்லை. லாரிகள் கொஞ்ச நாள் நின்றன, இப்போது அக்கரைப் பக்கமாக ஓடுகின்றன, சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்கிறது. சென்னை அம்மாள் அந்தப் படங்களை, அஞ்சலி என்று மேலே எழுதி, தன் கடைப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டார். மதி போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் எங்கும் போகவில்லை. விசாரணைக்கு வாங்கி வைத்திருந்த கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள், பையைத் திறக்கக்கூட இல்லை. அப்பா இந்த வருஷம் குத்தகை நிலத்தில் நடவை அவரே ஆள் விட்டு முடித்துவிட்டார், பயிர் பச்சை கட்டிவிட்டது. அதைப் பார்க்கவும் அவள் வரமாட்டேன் என்கிறாள்.

நீ இதைப் படித்த பிறகு அவளிடம் பேசு. அனுப்பினதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தனக்குச் சேர வேண்டியது என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லாதே. நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டோம், கேட்டதும் எழுந்து போய்விடுகிறாள். செவ்வந்தியைப் பற்றிக் கேள். சின்ன வயதில் இரண்டு பேரும் செய்த கூத்தெல்லாம் கேள். இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, நீயாவது சொல்லு. அவள் அழுதால் போனை வைத்துவிடாதே, அழட்டும்.

நாகம்மாள் எங்களோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற பால்வாடிக்குக் குளத்தங்கரையைச் சுற்றியும் போகலாம், அப்பா அப்படித்தான் போகச் சொல்கிறார். நான் தினமும் நாகம்மாள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறேன். அவள் வாசலில் இருந்தால் என்னைப் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன். அவள் உள்ளே போகிற வரைக்கும் நின்றுவிட்டுப் போகிறேன்.

அங்கே வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன், தண்ணீர் நிறையக் குடி, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வர லீவு கேட்க மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
ராசம்மாள்