எதிர்த்தவர்கள் பட்டியல்

அக்கா,

இன்று காலை வந்த வேலையும் அமெரிக்காக்காரனுடையதுதான். அவர்களுடைய பழைய சட்டமன்றக் குறிப்புகள், இன்னொரு கட்டு. துறைமுகத்தில் கோட்டை கட்ட ஒரு மசோதா, வணிகக் கப்பலில் பீரங்கி வைக்க ஒரு மசோதா. முதல் பக்கத்தைத் திரையில் பார்த்ததுமே கை ஓய்ந்துவிட்டது. உன் நினைவுதான்.

"இவனுங்க சண்டைக்குப் போறதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்டி" என்பாய். திருத்தம், ஒத்திவைப்பு, மூன்றாம் வாசிப்பு என்று பக்கம் பக்கமாக டைப் அடித்துவிட்டு, கூட்டேரிப்பட்டு பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாய்.

திண்டிவனத்து மாடி ஆபீஸில் நமக்கிருந்த சட்டம் ஒன்றுதான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியே அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருக்கும் இடத்தைக் காட்டும். ஒருத்தி அடித்ததை மற்றவள் பார்க்கக் கூடாது. சின்னவனுக்குக் காய்ச்சல் விடாத அந்த வாரம் எனக்குக் கண்ணே திறக்கவில்லை. நீ முடித்து வைத்த ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து என் பெயரில் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது!

நீயோ அந்தப் பக்கத்தில் மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள் பெயரை அடித்துவிட்டு, எதிர்த்தவர்கள் பட்டியலை மொத்தமாகத் தாண்டியிருந்தாய். இரண்டும் ஒன்றாக இருந்ததால் கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. நம் புண்ணியத்தில், போர்க்கப்பல் கட்டும் மசோதாவை ஒருவர்கூட எதிர்க்கவில்லை. வாடிக்கையாளர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல எப்டிம்மா கண்ணு தப்பும்? யாரு காப்பி அடிச்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். தப்பாக அடித்தால் திட்டு. காப்பி அடித்தால் வேலை போய்விடும்.

"நான்தான் சார், அவ அடிச்சத எடுத்துப் போட்டேன்" என்றாய் நீ.

வேலை போய் இறங்கிய உன் பின்னால் மாடிப்படியில் ஓடி வந்து, "ஏன்க்கா?" என்றேன்.

"உனக்கு ரெண்டு புள்ளைங்க. நான் ஒண்டிக்கட்டை, எங்கனா பொழைச்சிக்குவேன். அழுதுகினு நிக்காத, போய் வேலையப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன், அக்கா. நீ விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று கால்களை வீங்கவைத்துக்கொண்டாய். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். நினைத்ததோடு சரி. சலித்துப்போய்விட்டது, என்மேலேயே.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்ல பொண்ணும்மா. அந்த ஒரு தடவ காப்பி அடிச்சி பேரைக் கெடுத்துக்கிச்சி. உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடுச்சி. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார்.

"பரவாயில்லண்ணே" என்றேன்.

உன்னை மன்னித்தவளாக வீடு திரும்பினேன், அக்கா. அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.