கண்டுகொள்ளாத பக்கம்

மார்ச் 4
ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. எனக்கு வந்தது லேசான பக்கவாதம்தானாம். எதிர்வாதம், பிடிவாதம் எல்லாம் இந்த வீட்டில் ஏற்கெனவே உண்டு. இது ஒன்றுதான் குறை. கை கால் நன்றாக அசைகிறது. பேச்சும் குறையவில்லை — அதில்தான் இவருக்கு ஏமாற்றம்.

மார்ச் 9
காலையிலேயே சண்டை. நேற்று இவருடைய தங்கை என்னைப் பார்க்க வந்தாளாம். கட்டிலுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். நான் 'வா' என்றுகூடச் சொல்லவில்லையாம். அழுதுகொண்டே போனாளாம்.

"அவ வரவே இல்லையே," என்றேன்.

"பக்கத்துல இருந்தவளைக் கண்டுக்காம, இப்ப வரவே இல்லைங்கிறியா?"

வந்தவள் வாயையாவது திறந்திருக்கலாமே? நான் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாளாம். மகாராணி! எங்களுக்குள் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அதற்காக இப்படியா புளுகுவது?

மார்ச் 22
மறுபடி வேலைக்கு. சட்டைக் கம்பெனி, செக்கிங் மேஜை. விட்டுப்போன தையல், தொங்கும் நூல், இல்லாத பொத்தான் — என் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. தையல் பெண்கள் எனக்கு வைத்த பெயர் கழுகு.

மார்ச் 26
நான் பாஸ் பண்ணிய சட்டைகளில் ஒரு கட்டு திரும்பி வந்துவிட்டது. நேற்று முளைத்த சூப்பர்வைசர் ஒன்றை மேஜையில் விரித்துக் காட்டினான். "அக்கா, ஒரு பக்கக் கையே தைக்காம தொங்குது. கண்ணாடி மாத்துங்க."

கையே தொங்குதாம்! எவளோ வேணும்னே பிரிச்சு விட்டிருக்கா — கத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 29
கண் டாக்டர்: "கண் தங்கமா இருக்கு. நரம்பு டாக்டரைப் பாருங்க." தங்கத்துக்கு எதற்கு நரம்பு டாக்டர்?

ஏப்ரல் 2
நரம்பு டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். சின்ன நட்சத்திரம், பெரிய நட்சத்திரம், எழுத்துகள், எல்லாம் கலந்து கிடந்தன. சின்னதை மட்டும் தேடி அடிக்க வேண்டுமாம். பாலர் வகுப்பு! மளமளவென்று முடித்து, "இன்னும் கஷ்டமா ஏதாவது இருக்கா?" என்றேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

இப்போது வலது பக்கம் வந்த பாதித் தாளை நான் தொடவே இல்லை.

"கண் பாக்குதும்மா. எங்கே பாக்கணும்னு சொல்றது மூளை. உங்க மூளை இடது பக்கம் தேடுன்னு சொல்றதே இல்லை. தேடாததால, அங்கே ஒண்ணும் இல்லைன்னே நினைச்சுக்குது."

என்னைக் கேட்காமலே பாதி உலகத்துக்கு லீவு விட்டிருக்கிறது. இதற்கு எங்கள் சூப்பர்வைசரே தேவலை.

அப்படின்னா... அவ வந்திருக்கா. நிஜமாவே வந்து உக்காந்திருந்திருக்கா. ஐயோ.

ஏப்ரல் 5
இவர் போனில் விளக்கியிருக்கிறார். சாயங்காலம் நாத்தனார் வந்து நின்றாள். முழுக்கதையையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஸ்ட்ரோக் இப்பத்தானே அண்ணி வந்தது? அதுக்கு முந்தி இத்தனை வருஷம் என்னைக் கண்டுக்காம இருந்தீங்களே, அது எந்த நரம்பு?"

வாயைத் திறந்தேன். 'காபி போடறேன்' என்றுதான் வந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஏப்ரல் 6
அந்த நரம்புக்கு டாக்டரம்மாவிடம் தாள் இருக்காது.

ஏப்ரல் 19
பயிற்சி நடக்கிறது. வீட்டு மேஜையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டியாகிவிட்டது. எதைத் தேடினாலும் முதலில் கண் நாடாவுக்குப் போக வேண்டும், அங்கிருந்துதான் தேடல். மறந்தால் யாராவது நினைவுபடுத்த வேண்டும். இவர் இரண்டே நாளில் கைகழுவினார். நாத்தனார் வருகிறாள் — கடமைக்காக அல்ல, ஆசை ஆசையாக. "நாடா, அண்ணி! நாடா!" என்னை அதட்டக் காத்திருந்தவளுக்கு டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மே 11
என்னைப் பாக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். செக்கிங் மேஜையில் வேறொருத்தி. பெட்டியில் சட்டை அடுக்கக் கழுகு எதற்கு, காக்கா போதும். அழவில்லை.

கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 2
நாத்தனார் வந்தாள். நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டாள். 'நாடா நாடா' என்று கத்த இன்றைக்குத் தெம்பில்லையாம்.

"அந்தப் பக்கம் போய் உக்காரு," என்றேன்.

"ஏன், என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா இங்கேயே இருன்னு விட்டிருப்பேன். அங்கே இருந்தாத்தானே தேடுவேன்?"

முனகிக்கொண்டே இடம் மாறினாள். தலையைத் திருப்பினேன். போதவில்லை, இன்னும் திருப்பினேன். காதோரம் நன்றாக நரைத்திருக்கிறது.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"ரொம்ப வருஷமா அண்ணி," என்றாள்.