கொஞ்சம் தூங்க வை

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதாக அம்மா சொன்னாள். நான் நன்றாக இருக்கிறேன். வேலைதான் குமட்டுகிறது.

கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்துகிற கெர்னல்தான் என் வேலை. அங்கே சில சமயம் இரண்டு வேலைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததன் பூட்டும் வேண்டும், அது முதலில் விடட்டும் என்று நிற்கும். மிஷினே உறைந்துவிடும். எல்லாம் ஒரே வரிசையில்தான் பூட்டுகளை எடுக்க வேண்டும் என்று மெனக்கெட்டுத் திருத்தி எழுதினேன். மேனேஜர், "எதுக்கும்மா இவ்ளோ? ஒண்ணைக் கொஞ்சம் தூங்க வெச்சா போதாதா?" என்று என் திருத்தத்தைத் தூக்கிப் போட்டு, ஒரு வேலையை மட்டும் சற்று நேரம் நிறுத்திவைக்கச் சொன்னார். சோதனையில் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். நேற்று, எங்கள் மிஷினை வாங்கினவர்களின் ஆபீஸில் மறுபடி உறைந்தது. அதற்கு அவர் வைத்தியம்: "இன்னும் கொஞ்சம் தூங்க வை." சீ! புண்ணுக்குப் புனுகு பூசுகிற பிழைப்பு.

என் பழைய தலையணை உறையை அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைப்பது கன்னத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

நான் கிளம்பிய நாளிலிருந்து, நீங்கள் முதலில் பேசட்டும் என்று நானும், நான் பேசட்டும் என்று நீங்களும் இருக்கிறோம். இதையும் ஆறப்போட்டால் அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போனை அம்மாவிடம் நீட்டிவிடாதீர்கள்.

உங்கள் மூத்தவள்