இல்லாத சளி

அன்புத் தம்பி ஐங்கரனுக்கு,

மெல்பர்னில் நீயும் தாராவும் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதினால்தானே தெரியும்? இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பாவும் நானும் நலம்.

வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். அதனால்தான் இன்று தபாலில் எழுதுகிறேன். இதற்குக் கட்டைவிரல் போட முடியாது.

"தம்பி என்ன எழுதினவன்?" என்று கண் மங்கிய அப்பா கேட்டால் எதை வாசிப்பது? வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்வேனே, அதை இப்போது உன் கட்டைவிரலை வைத்து நானே செய்கிறேன். போன வாரம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், உனக்குச் சளி என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து, "சளி மாறிட்டுதோ?" என்று காலையும் மாலையும் கேட்கிறார். நேற்று மழையில் தனியாகக் கடைக்குப் போய், உனக்கு அனுப்பச் சுக்கும் கொத்தமல்லியும் வாங்கி வந்தார். வாசற்படியில் வழுக்கிவிட்டது. பயப்படாதே, முழங்காலில் சிராய்ப்புத்தான்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. எத்தனை நாளைக்கு நானே நீயாகவும் பேசுவது? இது கிடைத்த அன்றே போன் செய். சளி போய்விட்டது என்று உன் குரலில் சொல். வேறு எதுவும் அனுப்ப வேண்டாம்.

நிறுத்துகிறேன். அப்பா சுக்கு இடிக்கத் தொடங்கிவிட்டார்.

உன் அக்கா,
சிவமலர்