கடைசி ஆள் ஆர்?

செப்டம்பர் 6, 2025

அடுத்த சனி இங்கே கிளேட்டன் தமிழ் வாசகர் வட்டத்தில் நான் பேசவேண்டுமாம். "சோவியத் யூனியன் ஏன் விழுந்தது? உலகம் என்ன ஆனது?" அறிவுக்காக அழைக்கவில்லை. அது விழுந்தபோது கீயெவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் தகுதி.

"நீங்கள் படிக்கப் போனீங்கள், நாடே விழுந்திட்டுது. வேற என்ன காரணம் வேணும்?" என்றாள் ரஞ்சினி. மனைவி என்றால் இப்படித்தான்.

மகேந்திரராஜாவுக்கு, எங்கள் ராஜாவுக்கு, ஃபோன் எடுத்தேன். கீயெவ் விடுதி அறையில் என் காலுறை மணத்தைச் சகித்த நண்பன். "ஹலீனாவையும் கூட்டிக்கொண்டு வாறன், மச்சான்." ஹலீனா அவன் மனைவி, கீயெவ்க்காரி. என்னைவிட நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள்.

செப்டம்பர் 8

குறிப்பு எடுக்கிறேன். எண்ணெய் விலை சரிந்தது. ஆப்கானிஸ்தான் போர் பிள்ளைகளைத் தின்றது. வானத்தில் ராக்கெட், கடையில் சவர்க்காரம் இல்லை. வாய் திறக்க விட்டார்கள். உண்மை வந்தது, கோபம் வந்தது, கடைசியில் பதினைந்து கொடிகள் வந்தன. கியூபாவில் விளக்கு அணைந்தது. நம்மூர்க் கம்யூனிஸ்டுகளில் மொஸ்கோ சார்பும் பீக்கிங் சார்பும் தேநீர்க்கடையில் சண்டை பிடிக்கக் காரணமில்லாமல் போயிற்று. கீயெவில் இன்றைக்கும் குண்டு விழுகிறது.

எல்லாம் சரி. இதில் சனம் எங்கே சிரிக்கும்?

வரிசை! அங்கே வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட வேண்டும், எதற்கு என்பது பிறகு. "க்தோ பஸ்லேத்னி?" — கடைசி ஆள் ஆர்? — என்று கேட்டால் ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நம் இடம். அப்படி ஒருமுறை பனியில் விறைத்து நின்று ராஜா வாங்கியது பெண்கள் சப்பாத்து. அதற்குக் கால் தேடித்தான் ஹலீனாவைப் பிடித்தான்.

செப்டம்பர் 13

வரிசைக் கதைக்குச் சபை வயிறு குலுங்கச் சிரித்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? நாடு விழுந்த பிறகு படித்த மனிதர்கள் கழுத்துப்பட்டியோடு மெட்ரோ வாசலில் வீட்டுச் சாமான் விற்றதை நடித்தே காட்டினேன். "வாங்கோ, வாங்கோ, டொக்டர் பட்டம் வாங்கினால் கரண்டி இலவசம்!"

ஹலீனா எழுந்து போனாள். ராஜா வாசலில் நின்று திரும்பினான். "உனக்கு எல்லாம் பகிடிதான், என்னடா?"

செப்டம்பர் 14

ரஞ்சினி மத்தியானச் சோற்றை மேசையில் வைத்தாள். பிறகு:

"நேற்று நீங்கள் நடிச்சுக் காட்டினது ஹலீனாவின்ர அப்பாவை. பாலம் கட்டின எஞ்சினியர். வீட்டுக் கோப்பையளைக் கொண்டுபோய் மெட்ரோ வாசலில நிண்டவராம். தெரிஞ்ச ஆக்கள் வந்தா, சிநேகிதன் வாறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு சொல்லுவாராம்."

எனக்குத் தெரியாதே! அந்த வீட்டுக் குசினிக்குள்ளேயே போய்ச் சாப்பிடுகிற எனக்கு — ஏன் ஒருதரும் சொல்லேல்லை?

"உங்களிட்டச் சொன்னா எப்பவோ மேடையில வந்திருக்கும்."

செப்டம்பர் 21

ராஜா ஃபோன் எடுக்கிறான் இல்லை. பகிடி சொல்ல ஆளில்லாமல் நாக்குத் துருப்பிடிக்கிறது.

செப்டம்பர் 27

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். ஹலீனா கதவைத் திறந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும், ஹலீனா."

கதவை அகலத் திறந்துவிட்டாள். "இருங்கோ, சிறி அண்ணை. தேத்தண்ணி போடுறன்."

சுவர்ப் படத்தில் அவளுடைய அப்பா, கழுத்துப்பட்டியோடு. எத்தனை முறை வந்திருப்பேன், இன்றுதான் பார்க்கிறேன்.

தேநீர் நீலக் கோப்பையில் வந்தது. பழைய கோப்பை, தங்கக் கரை தேய்ந்திருந்தது. "இது ஒண்டுதான் விலைப்படேல்லை," என்றாள்.

இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். ராஜா அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒக்டோபர் 2, விஜயதசமி

த பேசின் என்கிற புறநகரின் பிள்ளையார் கோயில். ரஞ்சினி உள்ளே போய்விட்டாள். மண்டபத்தில் நீளமாக ஒரு வரிசை. கால் தானாகப் போய் நின்றது. வடையாக இருக்கும் என்று நம்பினேன்.

பின்னால் ஒரு குரல். "க்தோ பஸ்லேத்னி?"

ராஜா! ஹலீனாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்த நாத்திகன். திரும்பிப் பார்க்கவில்லை, கை தூக்கினேன்.

"என்ன குடுக்கினம்?"

"தெரியாது."

"சரி."

நின்றோம். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. ஐயருக்கு முன்னால் தாம்பாளத்தில் அரிசி. பட்டுப்பாவாடை கட்டிய குட்டி ஒன்று அதில் 'அ' எழுதிவிட்டு ஓடியது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற வரிசை!

"பிள்ளை எங்க?" என்றார் ஐயர்.

ராஜா என் தோளைப் பிடித்து இருத்தினான்.

"இவர்தான் ஐயா. இன்னும் கதைக்கப் பழகேல்லை."

ஐயர் சிரிக்காமல் என் விரலைப் பிடித்தார்.